சாக்லேட் குக்கீ: ஒருமுறை கலந்து நான்குமுறை சுட

டெல்டாவில் ஈரப்பதம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கியதும் முதல் கேள்வியே அதுதான். 17 சதவீதத்துக்குள் இருந்தால் நெல் எடைக்குப் போகும், மீறினால் களத்துக்கே திரும்பி வெயிலுக்குக் காத்திருக்கும். குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்ட வருஷங்களில் அந்த அளவைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கோரிக்கை போவதும் பாபநாசத்துக்காரர்களுக்குப் புதிதில்லை.

சாக்லேட் குக்கீக்கான கலவையை வீட்டிலேயே தயாரித்து வைப்பதைச் சொல்லும் இந்த அத்தியாயத்துக்கும் அந்த ஈரக் கணக்குதான் அடிப்படை. கடையில் வாங்கும் மைதா கைக்குப் பொடியாகத்தான் தெரியும். ஆனால் அதன் எடையில் நூற்றுக்கு 12, 13 பங்கு தண்ணீர். உணவுப் பாதுகாப்பு விதிகள் 14 வரை அனுமதிக்கின்றன. பால் பவுடரில் இருப்பது ஐந்துக்குள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினால் ஈரம் மைதாவிலிருந்து பால் பவுடருக்கும் சர்க்கரைக்கும் நகரும். சர்க்கரை கட்டி தட்டும். சமையல் சோடா வெண்ணெயைப் பார்ப்பதற்கு முன்பே தன் வேலையை டப்பாவுக்குள் முடித்துக்கொண்டுவிடும். பிறகு எவ்வளவு நல்ல வெண்ணெய் ஊற்றினாலும் குக்கீ எழும்பாது.

ஆகவே, கலவையின் வெற்றி எந்தக் கம்பெனி கொக்கோ என்பதில் பாதி என்றால், எவ்வளவு உலர்த்தினோம் என்பதில் மீதிப் பாதி. சமையல் குறிப்புகள் பெரும்பாலும் முதல் பாதியைப் பேசிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. காரணம், அவை எழுதப்படுவது காற்று வறண்ட ஊர்களில். குடமுருட்டிக் கரையில் ஐப்பசி மாதம் உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிறது.

வெண்ணெய் ஏன் கலவையில் இல்லை

அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1931-இல் 'பிஸ்குயிக்' என்ற பெயரில் மாவும் கொழுப்பும் ஏற்கெனவே சேர்ந்த டப்பாவை விற்கத் தொடங்கியது. அதைப் பார்த்து அங்கே வீட்டுப் பெண்களும் கொழுப்பு சேர்த்த மாவைக் கலந்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கொழுப்பு நம்மூர் வனஸ்பதி வகை. அதில் தண்ணீர் கிடையாது, சீக்கிரம் கெடாது. வெண்ணெய் அப்படியில்லை. 80 சதவீதம் கொழுப்பு போக 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். அதைக் கலவையில் சேர்ப்பது ஈரத்தை நாமே அழைத்து உட்காரவைப்பதுதான். வனஸ்பதியைச் சேர்த்தால் கலவை நிற்கும், ஆனால் குக்கீ நாக்கில் மெழுகாக ஒட்டும். நெய்யில் தண்ணீர் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: நெய்க் கலவை நிற்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் சுட்டு வருவது நான்கட்டாய். அது வேறு பலகாரம், அதன் ருசி வேறு.

எனவே டப்பாவில் உலர்ந்த பொருள்கள் மட்டும். வெண்ணெய், முட்டை அல்லது பால், சாக்லேட் துண்டுகள் மூன்றும் சுடும் அன்றுதான்.

கலவைக்கு வேண்டியவை

மைதா 500 கிராம்
நைசான பச்சரிசி மாவு 100 கிராம்
இனிப்பில்லாத கொக்கோ பவுடர் 150 கிராம்
பொடித்த வெள்ளைச் சர்க்கரை 350 கிராம்
நாட்டுச் சர்க்கரை 250 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 60 கிராம்
சமையல் சோடா 8 கிராம் (ஒன்றரை டீஸ்பூன், தலைதட்டி)
பேக்கிங் பவுடர் 4 கிராம் (ஒரு டீஸ்பூன்)
பொடி உப்பு 8 கிராம்
இன்ஸ்டன்ட் காபித் தூள் 2 டீஸ்பூன்

இது நான்கு ஈடுக்கு. ஓர் ஈடுக்கு 18 முதல் 20 குக்கீ வரும்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லையென்றால் டம்ளர் கணக்குக்குப் போகாதீர்கள். ஒருவர் மைதாவை அழுத்தி அள்ளுவார், இன்னொருவர் தூவி நிரப்புவார். ஒரே டம்ளரில் முப்பது கிராம் வரை வித்தியாசம் வந்துவிடும். மளிகைக் கடையில் அரைக் கிலோ, நூறு கிராம் என்று சரியான எடையில் கட்டித் தரச் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து அப்படியே கொட்டினால் கணக்கு தப்பாது.

மைதா வாங்கும்போது தேதி பாருங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம். கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. எந்தப் பிராண்டானாலும் ரோலர் மில்லில் அரைபட்டுப் பயணம் செய்து வருவதுதான். அரிசி மாவு சேர்ப்பதற்குக் காரணம் ஊர்ப் பெருமை இல்லை. அரிசியில் கோதுமையின் பசைச் சத்து கிடையாது. மாவில் ஆறில் ஒரு பங்கு அரிசியாக இருந்தால் குக்கீயின் ஓரம் இழுபடாமல் உடையும். மெஷினில் அரைத்த மாவு கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் பல்லில் மணல் கடிக்கும். சந்தேகமிருந்தால் கடை இடியாப்ப மாவை வாங்கிவிடுங்கள். அது ஏற்கெனவே வறுத்தது, நைசும்கூட.

பால் பவுடர் பாக்கெட்டில் 'டெய்ரி ஒயிட்னர்' என்று போட்டிருந்தால் அதில் சர்க்கரை உண்டு, இந்தக் கணக்குக்கு ஒத்து வராது. காபித் தூள் காபி வாசனைக்காக இல்லை. அந்த அளவுக்குச் சேர்த்தால் காபி தெரியவே தெரியாது, கொக்கோவின் கசப்பு மட்டும் கொஞ்சம் ஆழமாகும். கும்பகோணம் டிகிரி காபிக்கு வாங்கிய ஃபில்டர் தூளைப் போடலாமா என்று ஆசை வரும். வேண்டாம். அது கரையாது, திப்பி நாக்கில் தட்டும்.

நாட்டுச் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. பாபநாசம் வட்டத்திலேயே வீரமாங்குடி இருக்கிறது. அங்கே காய்ச்சி அச்சில் ஊற்றும் வெல்லம் பொங்கல் சமயத்தில் எங்கெங்கோ போகிறது. அந்த அச்சு வெல்லத்தை நுணுக்கி இதில் சேர்க்கலாமே என்றால், கலவையில் கூடாது. வெல்லத்துக்குள் ஈரம் உண்டு, காற்றிலிருந்தும் இழுக்கும், ஒரே வாரத்தில் எல்லாம் கட்டியாகிவிடும். வெல்லத்தின் ருசி வேண்டுமென்று நினைப்பவர்கள் நாட்டுச் சர்க்கரையைக் கலவையில் விட்டுவிட்டு, சுடும் அன்று ஓர் ஈடுக்கு 60 கிராம் வெல்லத்தைத் துருவி வெண்ணெயோடு சேர்த்துக் குழைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது. வசதி என்று பார்த்தால் நாட்டுச் சர்க்கரை.

கொக்கோவைத் தேர்ந்தெடுப்பது

பணம் செலவாகும் இடமும் ஏமாறும் இடமும் இதுதான்.

முதலில், குடிக்கும் சாக்லேட் பவுடரும் கொக்கோ பவுடரும் ஒன்றல்ல. பாக்கெட்டின் பின்புறம் பொருள்களின் பட்டியலில் சர்க்கரை என்று இருந்தால் அது பாலில் கலக்க மட்டும். அதை 150 கிராம் போட்டால் குக்கீ இனிக்கும், சாக்லேட் இருக்காது.

அடுத்தது, கொக்கோவில் இரண்டு வகை. கொக்கோ காயை உடைத்து எடுக்கும் கொட்டையை, அதைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையோடு பெட்டியில் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருக்கும் தோப்புகளில் இதைப் பார்க்கலாம். புளிக்கும்போது உண்டாகும் அமிலம் கொட்டைக்குள் இறங்குகிறது. சாக்லேட் வாசனைக்கு வித்து அங்கேதான் விழுகிறது, புளிப்பும் அங்கேதான் சேர்கிறது. அந்தப் புளிப்போடு அப்படியே அரைத்தது இயற்கைக் கொக்கோ. செம்பழுப்பு நிறம், துவர்ப்பும் புளிப்புமாகக் கூர்மையான ருசி.

ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828-இல் கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. பிறகு அதே குடும்பம் காரப்பொருள் சேர்த்துப் புளிப்பைக் கொல்லும் வழியையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப் பதப்படுத்தியதை டச்சுக் கொக்கோ என்கிறார்கள். நிறம் கறுப்பு, ருசி மென்மை, பாலில் சுலபமாகக் கரையும். இந்தியக் கடைகளில் இரண்டுமே கிடைக்கின்றன, ஆனால் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். பின்பக்கம் 'அமிலத்தன்மை சீராக்கி' என்று போட்டு 500, 501, 524, 525 எண்களில் ஏதாவது இருந்தால் அது டச்சு வகை. எதுவும் இல்லாமல் கொக்கோ மட்டும் இருந்தால் இயற்கை வகை.

இதைப் பார்க்கச் சொல்வது வீம்புக்கு இல்லை. சமையல் சோடா பொங்க அமிலம் வேண்டும். இயற்கைக் கொக்கோ அதைக் கொடுக்கும். டச்சுக் கொக்கோ கொடுக்காது. நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் இருக்கிறதே தவிர 8 கிராம் சோடாவுக்கு அது போதாது. மிஞ்சிய சோடா குக்கீயில் சோப்பு வாடையாக நிற்கும். ஆகவே டச்சு வகை வாங்கியிருந்தால் சோடாவை 4 கிராமாகக் குறைத்து பேக்கிங் பவுடரை 8 கிராமாக ஏற்றுங்கள். பேக்கிங் பவுடருக்குள் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் அது யார் துணையும் கேட்காது.

விலையைப் பார்த்து மலைக்காதவர்கள் இல்லை. கானா, ஐவரி கோஸ்ட் இரண்டு நாடுகளிலும் மரநோயும் பருவநிலையும் சேர்ந்து விளைச்சலை அடித்ததில் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் இறங்கினாலும், சந்தை இறங்கும் வேகத்தில் பாக்கெட் விலை இறங்குவதில்லை. விலைக்காகக் கொக்கோவைக் குறைக்க நினைத்தால் 120 கிராம் வரை போகலாம். அதற்குக் கீழே போனால் அது சாக்லேட் நிறத்தில் இருக்கும் சர்க்கரை பிஸ்கட்.

உலர்த்துவதும் கலப்பதும்

நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். காலை பத்து மணிக்கு நாட்டுச் சர்க்கரையைத் தாம்பாளத்தில் விரித்த சுத்தமான வேட்டித் துணியில் பரப்பி மேலே ஒரு மெல்லிய துணி போட்டு மொட்டை மாடியில் வையுங்கள். எறும்பு வராமல் இருக்கத் தாம்பாளத்தின் அடியில் தண்ணீர்த் தட்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் விரலுக்குள் பொலபொலவென்று உதிரும். எடுத்துச் சலித்து, கட்டிகளை மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். வெள்ளைச் சர்க்கரையையும் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம்.

அடுப்பில் அடி கனமான வாணலி. மைதாவைக் கொட்டி, மிதமான தீக்கும் கீழே வைத்து, எட்டிலிருந்து பத்து நிமிஷம் கை விடாமல் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. பச்சை வாடை போய், சப்பாத்திக் கல்லில் மாவு சிந்தினால் வருமே, அந்த வாசனை லேசாக எழும்பும்போது இறக்கிவிடுங்கள். வறுப்பதில் லாபம் மூன்று: ஈரம் போகிறது, வண்டின் முட்டைகள் சாகின்றன, மாவின் பசைத்தன்மை கொஞ்சம் தளர்ந்து குக்கீ மென்மையாகிறது. 500 கிராம் போட்டால் இறக்கும்போது 470 பக்கம்தான் நிற்கும். குறைந்த முப்பதும் தண்ணீர். அரிசி மாவையும் அதே வாணலியில் ஐந்து நிமிஷம் வறுங்கள்.

பலர் அவசரப்படும் இடம் இதற்கடுத்து வருகிறது. வறுத்த மாவைத் தாம்பாளத்தில் பரப்பி முழுதாக ஆறவிட வேண்டும். கை வைத்தால் சூடு தெரியவில்லை என்பது போதாது, குவியலின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும், அந்த வியர்வை திரும்ப மாவில் சொட்டும். அரை மணி நேரம் அடுப்படியில் நின்றது வீண்.

கலக்கும்போது சின்ன அளவுப் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, காபித் தூள் நான்கையும் ஒரு கைப்பிடி மைதாவில் போட்டுக் கலந்து சலிக்கவும். அதோடு கொக்கோ, பால் பவுடர். மறுபடி சலிப்பு. கடைசியாக மீதி மாவும் இரண்டு சர்க்கரையும். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கரண்டியால் கிளறினால் சோடா ஒரு மூலையில் தங்கிவிடும். ஒரு குக்கீ பொங்கும், பக்கத்துக் குக்கீ சப்பையாக இருக்கும். கொக்கோ எப்போதும் கட்டி கட்டியாகத்தான் வரும், சல்லடையில் விரலால் தேய்த்து இறக்குங்கள். வேலை முடிந்ததும் நல்ல கலவை ஒரே நிறமாக, வெள்ளைக் கீற்று எதுவும் இல்லாமல் இருக்கும்.

எதில், எங்கே வைப்பது

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோவிலருகே, நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெல்லுக்கு உமி என்ற சட்டை இருக்கிறது, அதை அப்படி மொத்தமாகக் கொட்டி வைக்கலாம். சட்டை இல்லாத பொடிகளுக்கு அந்த வசதி இல்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றும் ஈரமும் உள்ளே போகும். எனவே ஒரு பெரிய டப்பா வேண்டாம், நான்கு சிறியவை. கலந்த அன்றே எடை போட்டு நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 350 கிராம் அடைத்துவிட்டால், சுடும் அன்று ஒன்றை மட்டும் திறந்து முழுவதையும் கொட்டிக்கொள்ளலாம். அளக்கும் வேலையும் மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு: பெரிய டப்பாவில் நாளாக ஆக, ஆடி அசைந்து பருமனான சர்க்கரை மேலேயும் நைசான கொக்கோ அடியிலும் பிரிந்து போகும்.

முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்றில் ஓர் ஈடு சரியாக அடங்கும். எவர்சில்வர் சம்படம் என்றால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். எதுவானாலும் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி வேண்டாம். பெருங்காயம், கருவாடு, மசாலாப் பொடி இவற்றின் அண்டையும் வேண்டாம். கொக்கோவில் இருக்கும் கொழுப்பு பக்கத்து வாசனையை உடனே வாங்கிக்கொள்ளும். பருப்பு டப்பாவில் வண்டுக்காக மிளகாய் வற்றல் போடும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

மூடியில் ஒரு காகிதம் ஒட்டி எழுதுங்கள்: கலந்த தேதி. வெண்ணெய் 100. முட்டை 1 அல்லது பால் 3 மேசைக்கரண்டி. சாக்லேட் துண்டுகள் 75. 170 டிகிரி, 12 நிமிஷம். நீங்கள் வீட்டில் இல்லாதபோது கல்லூரிப் பையனே சுட்டுக்கொள்வான்.

தையிலிருந்து ஆனி வரை இரண்டு மாதம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். முதலில் கெடுவது பால் பவுடர்; திறந்ததும் சிக்கு வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வாடை இல்லை, ஆனால் நாளாகிவிட்டது என்றால் ஒரு ஸ்பூன் கலவையை வெந்நீரில் போட்டு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சோடா உயிரோடு இருக்கிறது. சும்மா கரைந்தால், சுடும்போது கால் டீஸ்பூன் புது சோடா சேர்த்துக்கொள்ளலாம்.

சுடும் நாள்

ஆவின் சமையல் வெண்ணெய் 100 கிராம் பாக்கெட் ஒன்று ஓர் ஈடுக்குச் சரி. ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய் வேண்டாம், உப்பு ஏற்கெனவே கலவையில் இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் கடைந்த வெண்ணெயைத் தாராளமாகப் போடலாம். அதில் மோர் தங்கியிருக்கும் என்பதால் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி, நன்றாகப் பிழிந்து, 110 கிராமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் விரல் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், எண்ணெயாக ஓடக் கூடாது. மார்கழிக் காலையில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். சித்திரையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் ஏமாந்தால் கிண்ணத்தில் நெய்தான் இருக்கும். வெயில் காலத்தில் விடிகாலையில் சுடுங்கள்.

வெண்ணெயை மரக்கரண்டியால் இரண்டு நிமிஷம் அடித்து, முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கவும். முட்டை சேராத வீடுகளில் காய்ச்சி ஆறிய பால் மூன்று மேசைக்கரண்டி. கலவையைக் கொட்டி, மாவு ஒன்று சேரும் வரை மட்டும் கரண்டியால் புரட்டவும். அழுத்திப் பிசையாதீர்கள். வறுத்த மாவு கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். உதிர்ந்தே நின்றால் இன்னொரு ஸ்பூன் பால் விடலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் தனியாக நுரைக்க அடிக்கும் வழக்கமான முறை இதில் இல்லை, சர்க்கரை கலவைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் குக்கீ கடைப் பிஸ்கட் அளவுக்கு லேசாக இருக்காது, கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும். சாக்லேட்டுக்கு அந்த அடர்த்தி பொருத்தம் என்பது என் கட்சி.

கடைசியில் சாக்லேட் துண்டுகள் 75 கிராம். ஈடு நன்றாக அமைய வேண்டுமானால் டார்க் சாக்லேட் கட்டியை வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சிப்ஸ் பெரும்பாலும் காம்பவுண்ட் வகை. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்தது, சூட்டில் உருவம் கலையாது, வாயில் கரைவதும் கொஞ்சம் தாமதம்தான். கொக்கோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். மே மாதத் தஞ்சாவூர் வெயிலுக்கு அது எம்மாத்திரம்? ஆகவே கட்டியை ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூசணம் என்று பயப்பட வேண்டாம், உருகி மறுபடி உறைந்த கொழுப்புதான் அது. சுடுவதற்குத் தாராளமாகப் பயன்படும்.

மாவை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சின்ன எலுமிச்சை அளவுக்கு, 30 கிராம், உருட்டி லேசாகத் தட்டித் தட்டில் இரண்டு விரல் இடைவெளியில் அடுக்குங்கள்.

ஓடிஜி அடுப்பு இருந்தால் மேல், கீழ் இரண்டு கம்பியும் போட்டு 170 டிகிரியில் பத்து நிமிஷம் முன்சூடு. நடுத்தட்டில் 11, 12 நிமிஷம். பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் ஏழாவது நிமிஷம் தட்டைத் திருப்பி வையுங்கள். அடுப்பின் பிளக் 16 ஆம்பியர் வகையாக இருக்கட்டும். இன்வெர்ட்டரில் ஓட்டும் யோசனை வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்சூடு ஐந்து நிமிஷம் தாங்கும்.

ஓடிஜி இல்லாத வீட்டில் கனமான இரும்பு வாணலி போதும். அடியில் இரண்டு விரல் உயரம் கல் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பதினைந்து நிமிஷம் சூடாக்குங்கள். வேதாரண்யத்துக் கல் உப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒருமுறை சுட்ட உப்பைத் தனியாக எடுத்து வைத்து இதற்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், சமையலுக்கு ஆகாது. வாணலியைவிடச் சிறிய தட்டில் ஆறு குக்கீ வைத்து, தீயைக் குறைத்து, 15 முதல் 18 நிமிஷம். கடைசி நாலு நிமிஷம் மூடியைக் கொஞ்சம் விலக்கிவிட்டால் ஆவி வெளியேறி மேல்பாகம் காயும். இதைக் குக்கரில் செய்பவர்கள் நிறையப் பேர். குக்கரைத் தண்ணீரில்லாமல் காய்ச்சுவது அதற்கு நல்லதில்லை, நல்ல குக்கரைப் பலிகொடுக்க வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. வெறும் சூட்டில் அதன் பூச்சு கெட்டுப் புகையும்.

வெந்ததைக் கண்டுபிடிப்பதுதான் சாக்லேட் குக்கீயில் கஷ்டம். மற்ற பிஸ்கட்டில் பொன்னிறம் சொல்லிவிடும், இது முதலிலிருந்தே கறுப்பு. மேல்பரப்பின் ஈர மினுமினுப்பு போயிருக்க வேண்டும், ஓரம் தொட்டால் கெட்டி, நடுவில் தொட்டால் பள்ளம். அப்போதே எடுத்துவிடுங்கள். தட்டிலேயே பத்து நிமிஷம் விட்டால் தானாக இறுகும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் "என்னடி இது, உள்ளே வேகவே இல்லையே" என்று உடனே வரும். "ஆறட்டும் பாட்டி" என்று சொல்லித் தட்டை நகர்த்திவிடுங்கள். பல் படும் மொறுமொறுப்புதான் வேண்டுமென்றால் 150 டிகிரியில் இன்னும் ஏழெட்டு நிமிஷம் வைத்தால் கிடைக்கும்.

எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகப் பரவினால் வெண்ணெய் உருகியிருந்தது என்று அர்த்தம், அடுத்த தட்டு மாவை இன்னும் கால் மணி நேரம் குளிர வையுங்கள். வெடித்து வறண்டு நின்றால் பால் போதவில்லை. சோப்பு வாடை வந்தால் கொக்கோ பாக்கெட்டின் பின்பக்கத்தை மறுபடி படியுங்கள்.

கொடுப்பதும் விற்பதும்

சுட்ட குக்கீ இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். சென்னையில் விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ரயிலில் கொடுத்தனுப்பச் சரியான பண்டம், ஊசிப்போகாது, ஒழுகாது. சுடாத கலவை பாட்டிலையே மூடிக் காகிதத்தோடு பரிசாகக் கொடுப்பதும் நல்ல யோசனை. வாங்குகிறவருக்கு வெண்ணெய், முட்டை அல்லது பால், சாக்லேட் துண்டுகள் மட்டும்தான் செலவு.

பக்கத்து வீடுகளில் கேட்க ஆரம்பித்து, அது விற்பனையாக மாறினால் சில காரியங்கள் கட்டாயம். வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உறையில் பொருள்களின் பட்டியல், கோதுமையும் பாலும் இருப்பது, தயாரித்த தேதி எல்லாம் தெரிய வேண்டும். பச்சைப் புள்ளி முட்டை சேராததற்கு மட்டும். முட்டை சேர்த்தால் சட்டப்படி பழுப்பு முக்கோணம்தான். ஒரே நாளில் இரண்டு வகையும் சுட்டால் முட்டையில்லாததை முதலில் சுட்டு, கிண்ணம், கரண்டி, தட்டு தனியாக வையுங்கள். நம்பி வாங்குகிறவர்கள் விரதக்காரர்களாகவும் இருக்கலாம். தொழிலாகவே செய்ய நினைப்பவர்களுக்குத் தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் பக்கத்தில் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காக ஆரம்பித்த இடம், இப்போது உணவுத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது.

தீபாவளிக்கு ஆர்டர் எடுப்பவர்கள் கலவையைப் புரட்டாசி வெயிலிலேயே கலந்துவிடுவது உத்தமம். ஐப்பசி பிறந்தபிறகு நாட்டுச் சர்க்கரை காய வெயில் கிடைக்காது. தவறிப்போனால், மாவு வறுத்து அடுப்பை அணைத்த வாணலியின் மிச்சச் சூட்டில் சர்க்கரைத் தட்டைக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். அந்தக் கலவையைப் பதினைந்து நாளுக்குள் சுட்டுத் தீர்த்துவிட வேண்டும்.